உப்புக்காற்றில் ஒரு சென்சர்: வாசகர் கேள்வி பதில்

வீட்டில் வயர்லெஸ் சென்சர் செய்து பார்க்கிறவர்கள் எங்களுக்குக் கேள்வி எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். திருகோணமலை மாவட்டத்திலிருந்து மட்டும் இவ்வளவு கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, உண்மையாகவே சந்தோஷம். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி. அதனால் அதிலேயே தொடங்குகிறேன்.

கேள்வி: நோட்எம்சியு என்ற சின்ன வைஃபை போட் ஒன்றும் டிஎச்டி 22 சென்சரும் வாங்கி, பழைய லப்டொப் பற்றரியிலிருந்து கழற்றிய 18650 செல் ஒன்றில் ஓட விட்டேன். வெப்பநிலை, ஈரப்பதம் எல்லாம் போனுக்கு ஒழுங்காக வருகிறது. ஆனால் ஒரு நாளில் பற்றரி இறங்கிவிடுகிறது. செல் பழுதா? (உப்புவெளி வாசகர்)

பதில்: செல் நல்ல செல்தான் தம்பி, ஒரு நாள் தாங்கியதே அதற்குச் சாட்சி. கணக்கைப் பாருங்கள். உங்கள் போட்டில் இருக்கும் ஈஎஸ்பி 8266 சிப் வைஃபையில் தொடர்ந்து விழித்திருந்தால் சராசரியாக 80 மில்லிஅம்பியர் அளவு இழுக்கும். உங்கள் செல்லில் 2000 மில்லிஅம்பியர்-மணி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 2000ஐ 80ஆல் பிரிக்க 25 மணித்தியாலம். சரியாக நீங்கள் சொன்ன ஒரு நாள்.

வெப்பநிலை நிமிடத்துக்கு நிமிடம் மாறும் விஷயம் இல்லை, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்தால் தாராளம். மற்ற நேரமெல்லாம் சிப்பைத் தூங்க வையுங்கள். டீப் ஸ்லீப் என்று தேடினால் நிரல் கிடைக்கும், அதோடு போட்டில் டி0 என்று எழுதியிருக்கும் காலை ஆர்எஸ்டி என்று எழுதியிருக்கும் காலோடு ஒரு சின்ன வயரால் இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் தூங்கின சிப் எழும்பாது. புது நிரல் ஏற்றும்போது அந்த வயரைக் கழற்றிவிடுங்கள், அது இருந்தால் பல தடவை நிரல் ஏறாமல் அடம்பிடிக்கும்.

இனிக் கணக்கு மாறும். பத்து நிமிடத்தில் 5 செக்கன் மட்டும் விழிப்பு என்றால், விழிப்புக்கான சராசரி 0.7 மில்லிஅம்பியர்கூட வராது. அப்படியானால் நாலு மாதம் போகவேண்டும், ஆனால் நோட்எம்சியுவில் போகாது, இரண்டு கிழமையில் நின்றுவிடும். இங்கேதான் நிறையப் பேர் மனம் விட்டுப்போகிறார்கள். குற்றம் சிப்பில் இல்லை, போட்டில் ஒட்டியிருக்கும் ஏஎம்எஸ் 1117 என்ற ரெகுலேட்டரில் (வோல்டைச் சீராக்கும் பகுதி). அது சும்மா இருப்பதற்கே 5 மில்லிஅம்பியர் அளவு குடிக்கும், சிப் தூங்கினாலும் அது தூங்காது. இன்னொன்று, 3.3 வோல்ட் தருவதற்கு அதற்கு மேலே இன்னும் 1 வோல்ட் அளவு வேண்டும், உங்கள் செல்லோ 3.7க்குப் பக்கத்தில்தான் பெரும்பகுதி நேரம் நிற்கும்.

ஆகவே மாதக்கணக்கில் ஓட வேண்டுமானால் நோட்எம்சியுவைப் பழகுவதற்கு வைத்துக்கொண்டு, வெளியே போடுவதற்கு அதே சிப் உள்ள வெறும் ஈஎஸ்பி 12எஃப் மொடியூலை எச்டி 7333 ரெகுலேட்டரோடு சேர்த்து நீங்களே ஈயம் பற்றவையுங்கள். அந்த ரெகுலேட்டர் சும்மா இருக்கும்போது குடிப்பது ஒரு மில்லிஅம்பியரில் ஆயிரத்தில் சில பங்கு மட்டும். வைஃபை எழும்பும் கணத்தில் மின்னோட்டம் திடீரென்று துள்ளும், அதைத் தாங்க சிப்புக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய கெப்பாசிட்டர், 470 மைக்ரோபரட் போல, போட மறக்கவேண்டாம். அப்புறம் நிரலில் ஐபி முகவரியை நிலையாகக் கொடுத்துவிடுங்கள், ரவுட்டரிடம் முகவரி கேட்டுக் காத்திருக்கும் செக்கன்கள் மிச்சமாகும். விழிப்பு 5 செக்கனிலிருந்து 1 செக்கனுக்கு இறங்கினால் கணக்கில் ஒரு வருடம் தாண்டும்.

பழைய லப்டொப் செல் பற்றி ஒரு சொல். நசுங்கியது, ஊதியது, அளந்தால் 2.5 வோல்டுக்குக் கீழே கிடப்பது, இவற்றைச் சார்ஜ் பண்ணிப் பார்க்கவே வேண்டாம். டிபி 4056 சார்ஜர் மொடியூல் வாங்கும்போது பாதுகாப்புச் சுற்று சேர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள், இரவில் கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

கேள்வி: கடற்கரையிலிருந்து 300 மீற்றர் தள்ளி எங்கள் வீடு. விறாந்தைக்கு வெளியே கட்டிய டிஎச்டி 22 மூன்று மாதம் நன்றாக வேலை செய்தது. இப்போது இரவு பகல் என்றில்லாமல் ஈரப்பதம் 99.9 என்றே காட்டுகிறது. படம் இணைத்துள்ளேன். (நிலாவெளி வாசகி)

பதில்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் தங்கச்சி. சென்சரின் நாலு காலில் முதல் இரண்டும் பச்சை பூத்து, ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி ஏறியிருக்கிறது, நாலாவது கால் மட்டும் கிட்டத்தட்டப் புதிது போல மினுங்குகிறது. ஏன் அந்த இரண்டு மட்டும்? முதலாவது கால் மின் வரும் கால், இரண்டாவது தரவு போகும் கால், இரண்டிலும் எந்நேரமும் 3.3 வோல்ட் நிற்கிறது. நாலாவது பூச்சியம். இடையில் உப்புநீர் ஒரு படலமாக இருந்தால் அது மின்பகுப்புத்தான், பள்ளிக்கூடத்தில் முகவையில் செய்து காட்டுவார்களே அதே காரியம், நேர்ப்பக்கத்து உலோகம் கரைந்துபோகும்.

மழையில் நனையவில்லையே, உப்புநீர் எங்கிருந்து என்று கேட்பீர்கள். கடற்காற்று கொண்டுவரும் உப்புத்தூள் எல்லாவற்றிலும் படியும், சன்னல் கம்பியில் விரலை வைத்து நாக்கில் தொட்டால் தெரியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையும். நிலாவெளியில் பெரும்பாலான இரவுகளில் அது 75ஐத் தாண்டும். ஆகவே மழையே பெய்யாத நாட்களிலும் உங்கள் சென்சர் பல இரவுகள் உப்புநீரில் குளிக்கிறது. உள்ளே ஈரத்தை உணரும் பகுதியிலும் அதே உப்பு ஏறியதால்தான் 99.9.

அந்த சென்சர் போனது போனதுதான், புதியது போடுங்கள், ஆனால் போடும் விதத்தை மாற்றுங்கள். முதலாவது, சென்சருக்கு நிரந்தரமாக மின் கொடுக்காதீர்கள். அது இழுப்பது ஒன்றிரண்டு மில்லிஅம்பியர்தான், ஆகையால் சிப்பின் ஒரு காலிலிருந்தே மின் கொடுக்கலாம், அளக்கும்போது மட்டும் அந்தக் காலை உயர்த்தி, இரண்டு செக்கன் பொறுத்து, வாசித்து, இறக்கிவிடுங்கள். மின் இல்லாத நேரம் மின்பகுப்பும் இல்லை. தரவுக்காலில் போடும் தடையையும் அதே காலிலிருந்தே எடுக்க வேண்டும், அதைக் கவனியுங்கள்.

இரண்டாவது, பற்றவைத்த இடங்கள், வயர் முனைகள், போட் எல்லாவற்றிலும் நிறமில்லாத கியூட்டெக்ஸ் (நகப்பூச்சு) இரண்டு தடவை பூசுங்கள். சென்சரின் துளைகளில் மட்டும் ஒரு துளி படக்கூடாது. பிரெட்போட்டும் (ஈயமில்லாமல் வயர் சொருகும் பலகை) சொருகும் ஜம்பர் வயரும் மேசைக்குத்தான், வெளியே போகும் எதுவும் ஈயம் பற்றவைத்ததாக இருக்கவேண்டும்.

மூன்றாவது, பெட்டி. எல்லாப் பக்கமும் சிலிக்கன் பூசி இறுக்கி மூடினால் ஈரம் வராது என்று நினைப்பது வழக்கம், நானும் அப்படித்தான் முதலில் ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றை அடைத்தேன், மார்கழியில் திறந்தபோது மூடியின் உட்புறம் முழுக்கத் துளித்துளியாக நீர். பகலில் சூடாகி விரியும் காற்று வெளியேறும், இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கும், போன ஈரம் திரும்பி வராது. ஆகவே அடியில் சிறிய துளைகள் விடுங்கள், எறும்பு போகாமல் நுளம்புவலைத் துண்டு ஒட்டுங்கள். வயர் பெட்டிக்குள் போகும் முன் ஒருதடவை கீழே தொங்கி, பிறகு மேலே ஏறி நுழையட்டும், வயர் வழியே ஓடிவரும் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சென்சருக்கு மட்டும் தனியாக வெள்ளைப் பிளாஸ்ரிக் சோசர்கள் ஏழெட்டை நடுவில் துளையிட்டு இடைவெளி விட்டு அடுக்கிக் கவிழ்த்துத் தொங்கவிடுங்கள், வெயில் படாது, காற்று போய்வரும்.

புது சென்சர் உண்மை சொல்கிறதா என்று பார்ப்பதற்கும் அதே உப்புத்தான் உதவும். சோடா மூடி ஒன்றில் சமையல் உப்பை நிரப்பி, சில துளி தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள், கரைந்து நீராகிவிடக்கூடாது. சென்சரையும் அந்த மூடியையும் காற்றுப்போகாத டப்பாவில் வைத்து ஓர் இரவு விட்டால் உள்ளே ஈரப்பதம் 75இல் வந்து நிற்கும். உங்கள் சென்சர் 79 காட்டினால் நிரலில் 4ஐக் கழித்துவிடுங்கள். அப்படிச் சரிபார்த்த சென்சரைக் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் ஆனி ஆடியில் தொங்கவிட்டுப் பாருங்கள், பின்னேரம் கடற்காற்று திரும்புகிற நேரத்தை வரைபடத்திலேயே பிடிக்கலாம், ஈரப்பதம் ஒரு படி போல ஏறும்.

கேள்வி: புது ரவுட்டர் வந்த பிறகு என் ஈஎஸ்பி போட் எதுவும் இணைவதில்லை. கடவுச்சொல் சரி. (பாலையூற்று வாசகர்)

பதில்: ஈஎஸ்பி 8266க்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். புது ரவுட்டர்கள் 2.4ஐயும் 5ஐயும் ஒரே பெயரில் தருகின்றன, சில போட் அதில் குழம்பும். ரவுட்டர் அமைப்பில் இரண்டையும் பிரித்து 2.4க்கு வேறு பெயர் வையுங்கள், பாதுகாப்பு முறை டபிள்யுபிஏ 3 மட்டும் என்றிருந்தால் டபிள்யுபிஏ 2க்கு மாற்றுங்கள்.

கேள்வி: பிஎம்பி 280 சென்சரில் காற்றமுக்கம் அளக்கிறேன். ஒவ்வொரு நாளும் காலை 10 மணிக்கு ஏறி, பின்னேரம் 4 மணிக்கு இறங்குகிறது. இரவு 10க்கு மறுபடி ஏற்றம், விடிய 4க்கு இறக்கம். வெயில் சூட்டில் சென்சர் பிழைக்கிறதா? (சீனக்குடா வாசகர்)

பதில்: இல்லை ஐயா, பிழையே இல்லை. இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. நீங்கள் பிடித்திருப்பது வளிமண்டலத்தின் வற்றுப்பெருக்கு. கடலுக்குச் சந்திரன் போல, காற்றுக்கு முக்கியமாகச் சூரியன். சூரிய வெப்பத்தை மேல் வளிமண்டலம் உறிஞ்சுவதால் எழும் அலை பூமியைச் சுற்றி ஓடுகிறது, ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம், நீங்கள் எழுதிய அதே மணிக்கணக்கில். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்களைப் போன்ற இடங்களில் இது நன்றாகத் தெரியும், நாளொன்றுக்கு மூன்று நாலு ஹெக்டோபஸ்கால் (காற்றமுக்கத்தின் அலகு) ஏறி இறங்கும். குளிர்நாடுகளில் வானிலை ஆட்டத்தில் இது அமுங்கிவிடும், எங்களுக்கு ஒரு சின்னச் சிப்பில் வீட்டிலேயே கிடைக்கிறது.

சூடுதான் காரணமோ என்ற சந்தேகத்தை நீங்களே தீர்த்துக்கொள்ளலாம், இரவு 10 மணிக்கு ஏது வெயில்?

சென்சரின் நுணுக்கத்தைப் பார்க்க ஆசை என்றால் கையில் எடுத்துக்கொண்டு மேல்மாடிக்கு ஏறுங்கள். கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் எட்டொன்பது மீற்றர் ஏறினால் 1 ஹெக்டோபஸ்கால் குறையும், ஒரு மாடிக்கு அதில் மூன்றிலொரு பங்கு. அதைக்கூட இந்தச் சென்சர் காட்டிவிடும். கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது பையில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு.

புயல் வந்தால் தெரியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் காலை 10 மணிக்கு ஏறவேண்டிய அமுக்கம் ஏறாது, ஏறுவதற்குப் பதிலாக இறங்கிக்கொண்டே போகும். அன்றாட அலையை நன்றாகப் பழகி வைத்திருப்பவருக்குத்தான் அந்த வித்தியாசம் கண்ணில் படும், ஆகவே இப்போதிருந்தே பதிவு செய்து வையுங்கள். ஆனால் ஓடுவதா இருப்பதா என்ற முடிவை ஒருபோதும் இந்தச் சிப்பை வைத்து எடுக்காதீர்கள். அதற்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கமும் இருக்கின்றன.

கேள்வி: மேல்மாடித் தண்ணீர்த் தாங்கியில் எச்சிஎஸ்ஆர் 04 என்ற ஒலியால் தூரம் அளக்கும் சென்சர் பூட்டி நீர்மட்டத்தைப் போனில் பார்க்கிறேன். காலையில் சரி, மத்தியானத்தில் மூன்று நாலு சென்ரிமீற்றர் பிழைக்கிறது, சில நேரம் கண்டபடி துள்ளுகிறது. இதையே வைத்து மோட்டரைத் தானாகப் போட்டு நிற்பாட்டவும் விருப்பம். (கிண்ணியா வாசகர்)

பதில்: சென்சர் அளப்பது தூரத்தை இல்லை, ஒலி போய்வரும் நேரத்தை. ஒலி 20 பாகை வெப்பத்தில் செக்கனுக்கு 343 மீற்றர் ஓடும், மத்தியான வெயிலில் தாங்கிக்குள் 40 பாகை என்றால் 355 மீற்றர். ஒரு மீற்றர் தூரத்துக்கு மூன்றரை சென்ரிமீற்றர் பிழை, நீங்கள் கண்டதும் அதுதான். டிஎஸ் 18பி20 வெப்ப சென்சர் ஒன்றைத் தாங்கிக்குள் தொங்கவிட்டு, அதன் வெப்பத்தைக் கொண்டு ஒலிவேகத்தைத் திருத்துங்கள்: 331.3 உடன், வெப்பத்தை 0.606ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்.

துள்ளுவதற்குக் காரணம் நீராவி. அந்த சென்சரின் இரண்டு கண்ணும் திறந்தவை, உள்ளே துளி கட்டிவிடும், தாங்கிக்கு அது பொருத்தமே இல்லை. நீர்புகாத ஜேஎஸ்என் வகைக்கு மாறுங்கள். அது 20, 25 சென்ரிமீற்றருக்குக் கிட்ட இருப்பதைப் பார்க்காது, ஆகவே தாங்கி நிரம்பும் மட்டத்துக்கு அவ்வளவு மேலே பூட்டவேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள், சென்சரில் எக்கோ என்று எழுதியிருக்கும் கால் 5 வோல்ட் தரும், ஈஎஸ்பி சிப்போ 3.3 வோல்ட். எக்கோவிலிருந்து 1 கிலோஓம், அங்கிருந்து நிலத்துக்கு 2 கிலோஓம் போட்டு, நடுவிலிருந்து எடுங்கள்.

மோட்டர் விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்: 230 வோல்ட் பக்கத்தில் நீங்கள் கைவைக்க வேண்டாம். ஈரமான கொங்கிரீட்டில் வெறுங்காலோடு நின்று செய்கிற வேலை அது. சைனாவிலிருந்து வரும் சின்ன நீல ரிலே (மின்னால் இயங்கும் சுவிட்ச்), மோட்டர் கிளம்பும் கணத்து மின்னோட்டத்தைத் தாங்காமல் ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் மோட்டர் நிற்காது, தாங்கி வழிந்து கிணறு வற்றும்வரை ஓடும். தகுதியுள்ள மின்வேலைக்காரர் ஒருவரைக் கொண்டு கொன்டாக்டர் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் ரிலே) பூட்டுவியுங்கள், கையால் நிற்பாட்டும் சுவிட்சும் இருக்கட்டும். அதுவரை போனுக்கு அறிவித்தல் மட்டும் வரட்டும், மோட்டரை நீங்களே போடுங்கள்.

கேள்வி: வயல் வீட்டிலிருந்து 700 மீற்றர். வயலில் தண்ணீர் நிற்கிறதா என்று வீட்டிலிருந்தே அறிய வேண்டும். வைஃபை எட்டாது. லோரா (குறைந்த மின்னில் தூரம் போகும் ரேடியோ) சரிவருமா? மண் ஈரச் சென்சர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். (தம்பலகாமம் வாசகர்)

பதில்: லோரா சரிவரும், நடுவில் மறைப்பு இல்லாவிட்டால் 700 மீற்றர் அதற்குச் சின்னத் தூரம். நெல் வளர்ந்து ஈரமாக நிற்கும்போது இலைகள் அலையை விழுங்கும், ஆகவே அன்ரெனா நெற்கதிருக்கு மேலே, ஒரு ஆள் உயரத்துக்கு மேல் கம்பத்தில் நிற்கட்டும். 433 மெகாஹேர்ட்ஸ் மொடியூலுக்குக் கால் அலைநீளம் 17.3 சென்ரிமீற்றர், நேரான செப்புக்கம்பி போதும். அன்ரெனா பூட்டாமல் மொடியூலுக்கு மின் கொடுக்கவே கூடாது, அனுப்பும் சக்தி திரும்பி வந்து சிப்பையே கெடுக்கும்.

எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தியில் அனுப்பலாம் என்பது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்துக்கு உட்பட்ட விஷயம். மொடியூல் வாங்கமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கி வைத்திருப்பது இரண்டு கவர்க்கால் உள்ள வகை என்றால் வயலில் வைக்காதீர்கள், சில கிழமையில் ஒரு கால் மண்ணில் கரைந்துவிடும், நிலாவெளித் தங்கச்சிக்குச் சொன்ன அதே மின்பகுப்புத்தான். உங்களுக்குத் தேவை மண்ணின் ஈரமும் இல்லை, நீர் நிற்கிறதா இல்லையா என்பது. பிவிசி குழாய்க்குள் காந்தம் ஒட்டிய மிதவை ஒன்றும் காந்தம் பட்டால் மூடும் ரீட் சுவிட்சும் போதும். நீருக்குள் மின்னே போகாது, மூன்று போகம் தாங்கும்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. இவற்றைச் செய்து பார்க்க ஆசைப்படுகிறாள். எங்கள் வீட்டில் யாருக்கும் எலெக்ட்ரோனிக்ஸ் தெரியாது. எதை வாங்கிக் கொடுப்பது, ஆபத்து இல்லையா? (திருகோணமலை நகர், ஒரு தாய்)

பதில்: கட்டாயம் வாங்கிக் கொடுங்கள் அம்மா. நோட்எம்சியு போட் ஒன்று, யூஎஸ்பி வயர் (சார்ஜ் மட்டும் போகும் வயர் வேண்டாம், தரவும் போகவேண்டும், இதில்தான் நிறையப் பிள்ளைகள் முதல் நாளிலேயே அழுகிறார்கள்), நீர்புகாத டிஎஸ் 18பி20 சென்சர், 4.7 கிலோஓம் தடை ஒன்று, பிரெட்போட், கொஞ்சம் வயர். இவ்வளவுதான். போன் சார்ஜரின் 5 வோல்டில் ஓடும், அது கையைச் சுடாது. லித்தியம் செல்லும் ஈயம் பற்றும் கோலும் இப்போதைக்கு வேண்டாம், ஆறு மாதம் போகட்டும்.

எண் திரையில் வந்தவுடனே நம்பவேண்டாம் என்று முதல் நாளே பழக்குங்கள். ஐஸ்கட்டியை நன்றாக உடைத்துக் கோப்பை நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவு தண்ணீர் விட்டு, சென்சர் முனையை நடுவில் வைத்துக் கலக்கிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். 0 பாகைக்கு வரவேண்டும். அரைப் பாகை கூடக் குறைய இருக்கலாம், அது அந்த சென்சருக்கு அனுமதித்த பிழை, எவ்வளவு என்று கொப்பியில் எழுதி வைக்கட்டும்.

பிறகு ஒரு நாள் கன்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஏழு வெந்நீர்க் கிணறும் பக்கம் பக்கமாக இருந்தும் சூடு ஒன்றுபோல இல்லை என்று எல்லோரும் கையால் தொட்டுச் சொல்வார்கள். அந்த இடம் தொல்பொருள் திணைக்களத்தின் கீழ் இருப்பதால் அங்கே நிற்கும் அலுவலரிடம் முதலில் அனுமதி கேளுங்கள், கிடைத்தால் வாளியில் அள்ளிய உடனேயே சென்சரை விட்டு, எண் அசையாமல் நிற்கும்வரை பொறுத்து, ஏழையும் ஒரே ஒழுங்கில் அளந்து, ஐஸில் கண்ட பிழையைக் கழித்து எழுதட்டும். எழுதிய கொப்பியின் பக்கத்தைப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறோம்.